பாதி இந்தத் தெருவுக்கே

ஜூன் 4

சன்னலுக்கு நேர் கீழே ஒரு பெட்டியை நட்டுட்டுப் போயிருக்காங்க. பார்க்கிங் மீட்டராம். இனிமே தேரடி பஜார்ல வண்டியை நிறுத்துறவங்க அதுல காசு போட்டுச் சீட்டு எடுக்கணும். சீட்டு வெளியே வந்ததும் உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல், "நன்றி, மீண்டும் வருக" என்குது. 'வருக'வைப் பாதியிலேயே முழுங்கிடுறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஆயுசுல பாதி ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள் நான். அதைக் கேட்டா பல்லு கூசுது. எங்க சூப்பர்வைசரம்மா காதுல விழுந்திருந்தா அவளை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

பெட்டிக்குப் பக்கத்துல நகராட்சி போர்டு: "இங்கு வசூலாகும் கட்டணத்தில் பாதி, இந்தத் தெருவின் மேம்பாட்டுக்கே செலவிடப்படும்." பார்ப்போம்.

காலிங்பெல் இன்னைக்கும் ஓயலை. எதிர்த்த ஜவுளிக்கடைப் பொண்ணுங்க, கீழே நடைபாதையில பூ விக்கிற பேச்சித்தாய், வளையல் கடையில நிக்கிறவள், எல்லாருக்கும் என் வீட்டுக் கக்கூஸ்தான். இந்தத் தெருவுல எந்தக் கடையிலும் வேலை பார்க்கிற பெண்களுக்குன்னு ஒண்ணு கிடையாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தா அரைநாள் சம்பளம் போச்சு. எப்பவோ ஒருநாள் ஒருத்தி அவசரம்னு கதவைத் தட்டினாள், பாவம்னு விட்டேன். அதோட போச்சு என் நிம்மதி. படியெல்லாம் மண்ணு. தொட்டித் தண்ணி மத்தியானத்துக்குள்ள காலி. தனியா இருக்கிற பொம்பளை வீடுன்னா சத்திரம்னு நினைச்சுட்டாளுகபோல.

மோர் கொஞ்சம் மிஞ்சிப் போச்சு. கீழே கொட்டவா முடியும்? வந்தவளுகளுக்கே கொடுத்தேன்.

ஜூன் 6

பால்காரர் கேட்டார், தனியாளுக்கு எதுக்கு ஒரு லிட்டர் என்று. பூனை வருது என்றேன்.

ஜூன் 19

மளிகைக் கடையில வேலாயுதம் அண்ணாச்சி எதிரே வந்தார். எதிர்த்த ஜவுளிக்கடை முதலாளி. என்னைப் பார்த்ததும் நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, "உடம்பு இப்பம் எப்படிம்மா இருக்கு? நம்ம கடைப் பிள்ளைக ஒழுங்கா மாத்திரை கொடுக்குதாவளா?" என்றார்.

எனக்கு ஒண்ணும் புரியலை. "ஏதோ இருக்கேன் அண்ணாச்சி" என்றேன். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு இருமலும் இருமி வச்சேன்.

வீட்டுக்கு வந்து மாரிச்செல்வியைப் பிடிச்சேன். அவர் கடையில சேலைப் பிரிவுல நிக்கிற பொண்ணு. இருபத்திரண்டு வயசு, வாய் மட்டும் ஐம்பது. கழுத்தைக் கோணிக்கிட்டுச் சிரிச்சாள்.

"பின்ன என்னக்கா செய்ய? ஒண்ணுக்குப் போறேன்னு ஆம்பளைக கிட்டச் சொல்ல முடியுமா? மாடியில ஒரு அக்கா படுத்த படுக்கையா கெடக்காவ, மாத்திரை கொடுத்துட்டு ஓடி வந்துருதேன்னு சொல்லுவோம். அண்ணாச்சி இரக்கப்பட்டவரு. உடனே போகச் சொல்லிருவாரு."

"எத்தனை பேருடி இதைச் சொல்லுதீய?"

"எல்லாரும்தான். முறை வச்சுச் சொல்லுவோம்."

ஆக இந்தப் பஜாருக்கு நான் சாகக் கிடக்கிறவள். வேளா வேளைக்கு ஆள் மாத்தி ஆள் வந்து மாத்திரை கொடுக்கிறாங்க. கோட்டிக்காரிகள், சரியான கிறுக்கிகள். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலா நொந்து போச்சு.

ஜூலை 2

மோட்டார் காயில் போயிடுச்சு. தண்ணி இல்லைன்னு பெல்லைக் கழட்டி வச்சேன். கதவைத் தட்டுறாளுக.

ஜூலை 3

மோட்டார் சரியாயிடுச்சு. பெல்லையும் மாட்டியாச்சு. நிறுத்த மறந்து தொட்டி நிரம்பி வழிஞ்சு, தண்ணி பூராவும் கீழே பேச்சித்தாய் தலையில கொட்டியிருக்கு. வழியுற குழாய் சரியா அவள் கூடைக்கு மேலதான் இருக்கு. "எக்கா, இன்னைக்கு அபிஷேகம் எனக்கா, பூவுக்கா?" என்று கீழேயிருந்து கத்துறாள். தெருவே சிரிக்குது.

செப்டம்பர் 14

ரவுண்டானாவுல 'நம்ம ஊரு' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து வச்சு, கலர் லைட் போட்டு, சுத்தி நீரூற்று வச்சிருக்காங்க. செல்ஃபி பாயிண்டாம். திறப்பு விழாவுல கவுன்சிலர் மைக்குல முழங்கினது இங்கே வரைக்கும் கேட்டுது. "பார்க்கிங் கட்டண வருமானத்தில், மக்களுக்காக, மக்களின் மகிழ்ச்சிக்காக..."

எனக்கு வந்துதே கோபம். தேரடி பஜார்ல வசூல் பண்ணின காசு. போர்டுல என்ன எழுதியிருக்கு? ரவுண்டானா எப்போ இந்தத் தெருவாச்சு?

பேச்சித்தாய் படியேறி வந்தவள் சன்னல் வழியா அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு எக்கா. ஆனா அவசரத்துக்கு அந்த எழுத்துக்குப் பின்னால போயா உக்கார முடியும்?"

செப்டம்பர் 27

நேத்து மதுரைக்குக் கண் காட்டப் போனேன். வீட்டைப் பூட்டிட்டுத்தான் போனேன். பூட்டாம எப்படிப் போறது?

ராத்திரி திரும்பினா கீழே பேச்சித்தாய் இன்னும் கடையைக் கட்டாம உட்கார்ந்திருக்காள். மாரிச்செல்வியைப் பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கின நாள். கவுண்டரை விட்டு நகர முடியாம, என் வீடும் பூட்டியிருந்து, காலையிலிருந்து அடக்கிக்கிட்டே நின்னிருக்காள். சாயங்காலம் அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சேலைக் கட்டு மேலேயே சாய்ஞ்சுட்டாள்.

இன்னைக்குப் போய்ப் பார்த்தேன். கிட்னி வரைக்கும் இன்பெக்‌ஷன் ஏறிப் போச்சாம். கையில ட்ரிப்ஸ். டாக்டரம்மா, "நிறையத் தண்ணி குடிக்கணும்மா, ஏன் குடிக்க மாட்டேங்கறே?" என்று அதட்டுறாங்க.

"தண்ணி குடிச்சா போகணும்லா டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. ஒரு நாள் நான் கதவைப் பூட்டினதுக்கு இந்தப் பிள்ளைக்கு இந்தக் கதி. நாளைக்கு எனக்கே ஒண்ணு ஆச்சுன்னா இந்தத் தெருவுப் பொம்பளைகளுக்கு யார் வீடு இருக்கு?

முடிவு பண்ணியாச்சு. அந்தப் போர்டுல எழுதின பாதிக் காசுல, இந்தத் தெருவுல, பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டணும். கட்ட வைக்காம விடமாட்டேன்.

அக்டோபர் 17

தீபாவளிக் கூட்டம். கீழே பெட்டிக்குள்ள அந்தப் பொம்பளை காலையிலிருந்து "நன்றி நன்றி" என்று தொண்டை வத்தக் கத்துறாள். மேலே எனக்கு உட்கார நேரமில்லை. முகம் தெரியாதவங்க எல்லாம் கைக்குழந்தையோட படியேறி வர்றாங்க. யாரோ சொல்லி அனுப்புறாங்களாம்.

நவம்பர் 1

பகுதி சபைக் கூட்டம். கல்யாண மண்டபத்துல.

பார்க்கிங் காசை என்ன செய்யலாம்னு தெருக்காரங்களையே கேட்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஒரு வாரமா இவளுகளுக்குப் பாடம் நடத்தினேன். யார் யார் எழுந்திருக்கணும், என்ன பேசணும். எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினாளுக. வந்தாளுக, இல்லைங்கலை. வந்து கடைசி வரிசையில சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டாளுக. முன் வரிசையில யாரு? இவளுக முதலாளிமார் அத்தனை பேரும்.

அண்ணாச்சிமார் பஜார் வாசல்ல வளைவு கட்டணும் என்றாங்க. கவுன்சிலர் கேமரா வைக்கலாம் என்றார். நகராட்சி கமிஷனர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு. எல்லாத்தையும் எழுதிக்கிட்டே வந்து, "பெண்கள் தரப்புல யாராவது பேசுங்களேன்" என்றாங்க.

பேச்சித்தாயைப் பார்த்தேன். எழுந்தாள். வாயைத் திறந்தாள். முன் வரிசையில இருந்து வேலாயுதம் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"லைட்டு... இன்னொரு லைட்டு போட்டா நல்லாருக்கும்" என்று சொல்லிட்டு உட்கார்ந்துட்டாள்.

அடிப் பாவி! தெருவுல பூ விக்கும்போது இவள் போடுற சத்தத்துக்கு பஸ்ஸே நிக்கும்.

எழுந்தேன். எனக்குப் பழைய குரல் வந்துடுச்சு, டிரங்க் கால் போட்டு மறுமுனைக்குக் கேட்கிறதுக்காகப் பேசுற குரல். "பெண்களுக்குக் கக்கூஸ் வேணும். இந்தத் தெருவுலயே வேணும்" என்றேன்.

வேலாயுதம் அண்ணாச்சிதான் முதல்ல பேசினார். "உடம்புக்கு முடியாத நேரத்துல நீங்க ஏம்மா அலையுதீய? உங்களுக்குத்தான் வீட்டிலேயே இருக்குமே?"

"எனக்கு இருக்கு அண்ணாச்சி. உங்க கடைப் பிள்ளைகளுக்கும் அதான் இருக்கு. எனக்கு ஒரு சீக்கும் இல்லை. கல்லு மாதிரி இருக்கேன். மாத்திரை கொடுக்க வரலை அவளுக, ஒண்ணுக்குப் போக வர்றாளுக. உங்க கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டு என்னைச் சீக்காளி ஆக்கிட்டாளுக. சேலைப் பிரிவுல நின்ன பிள்ளை எதுக்கு ஆஸ்பத்திரியில கிடந்துதுன்னு கேட்டீங்களா?"

சொன்ன பிறகுதான் உறைச்சுது. இவளுக பொய்யை நானே போட்டு உடைச்சுட்டேன். மாரிச்செல்வி முந்தானையை வாயில வச்சுக்கிட்டுத் தரையைப் பார்க்கிறாள். நாளைக்கு வேலை போச்சுன்னா? ஆனா பாதியில லைனை வெட்ட முடியாதே.

"போர்டுல பாதி இந்தத் தெருவுக்கேன்னு எழுதியிருக்கு. நீரூற்று இருக்கிறது ரவுண்டானாவுல. இங்கே தண்ணி குடிக்கப் பயப்படுறாளுக" என்று சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன்.

கவுன்சிலர் ஏதோ சொல்ல வந்தார். கமிஷனர் அவரைக் கையமர்த்தினாங்க. "இதுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க."

அப்புறம் பின்னால வளையல் சத்தம். திரும்பிப் பார்த்தா, வாயைத் திறக்காதவளுக அத்தனை பேரும் கையைத் தூக்கிட்டாளுக. பேச்சித்தாய் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறாள். முன் வரிசையில கடைசியா ஒரு கை, பாதி உயரத்துக்கு, வேலாயுதம் அண்ணாச்சியோடது.

நவம்பர் 3

மாரிச்செல்வி வந்தாள். கதவைத் திறந்ததும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாள்.

"அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலக்கா. போகணும்னா சொல்லிட்டுப் போங்கட்டின்னாரு. மூஞ்சியைப் பாக்கத்தான் வெக்கப்படுதாரு."

"வேலை ஒண்ணும்..."

"அதெல்லாம் இல்லக்கா. இனிமே பொய் சொல்லாம உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போவேன், எம்புட்டு நேரம்னாலும்."

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேலை கெட்டுது.

ஜனவரி 20

கட்டடம் எழும்புது. டிரான்ஸ்பார்மர் மூலையில, வண்டி நிறுத்துற இடத்துலயே கொஞ்சம் எடுத்துக்கிட்டாங்க. மேஸ்திரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. தினமும் போய் நின்னு உயிரை வாங்குறேனாம். கதவுல உள்தாழ்ப்பாள் சரியா விழணும், பை மாட்ட ஆணி வேணும், பூக்கூடையைத் தரையில வைக்க முடியாது அதனால ஒரு பலகை வேணும், ஒவ்வொண்ணுலயும் வாளி வேணும். "ஏம்மா, வீடு கட்டக்கூட இம்புட்டுக் கேக்கமாட்டாவ" என்றார்.

மத்தியானம் எல்லாருமா என் சன்னல்ல நின்னு கட்டடத்தை வேடிக்கை பார்த்தோம். எலுமிச்சம்பழச் சாதம் மிஞ்சியிருந்துது. ஒரு சட்டி மிஞ்சியிருந்துது.

"கட்டி முடிச்சாச்சுன்னா உங்களுக்கு விடுதலை எக்கா. நாங்களும் எம்புட்டுத்தான் தொந்தரவு செய்ய?" என்றாள் பேச்சித்தாய்.

"ஆமா, நிம்மதியாத் தூங்குவேன்" என்றேன்.

பிப்ரவரி 23

திறந்தாச்சு. ரிப்பன், மாலை, மைக்கு எல்லாம் உண்டு. கவுன்சிலர் இது தன்னோட நீண்ட நாள் கனவு என்றார். கேட்டுக்கிட்டுச் சும்மா நின்னேன். வாசல்ல எழுதியிருக்கு: "பார்க்கிங் கட்டண வருவாயில் கட்டப்பட்டது. பயன்படுத்தக் கட்டணம் இல்லை." பேச்சித்தாய் ஒரு முழப் பூவை என் தலையில வச்சுவிட்டாள். காசு வாங்க மாட்டேன்னுட்டாள். சுத்தமா, வெளிச்சமா, ஆணி, பலகை எல்லாம் சொன்ன மாதிரியே இருக்கு. சந்தோஷமா இருந்துது, பொய் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 24

பெல் அடிக்கலை. நல்ல தூக்கம்.

பிப்ரவரி 25

படியைக் கூட்டினேன். கூட்ட ஒண்ணுமில்லை.

பிப்ரவரி 28

பெல் அடிச்சுது. அடுப்புல இருந்ததை அப்படியே விட்டுட்டு ஓடிப் போய்த் திறந்தேன். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன், வேண்டாம்னுட்டார். அடுத்த வீட்டுக்குப் போகணுமாம்.

பால் திரிஞ்சு போச்சு. பால்காரர், "பூனை வரலையாம்மா?" என்றார். வரலை என்றேன். நாளையிலிருந்து அரை லிட்டர் போதும்.

மார்ச் 5

காய்ச்சல். நேத்தே ஆரம்பிச்சுடுச்சு. எழுந்து போய் மாத்திரையைத் தேடி எடுத்து, தண்ணி மோந்து, நானே போட்டுக்கிட்டேன். ஆள் மாத்தி ஆள் வந்து எனக்கு மாத்திரை கொடுக்கிறதா ஊரையே நம்ப வச்ச தெரு இது. அழுகை வந்துது. அழுதேன். காய்ச்சல்ல யாருக்கும் வரும்.

என் வாயாலேயே என் வாசலை அடைச்சுக்கிட்டேன். யாரைக் குத்தம் சொல்ல?

வெளியூர்ல இருக்கிற என் தம்பி போன் பண்ணுவான்னு பார்த்தேன். போன் வந்துது, லோன் வேணுமான்னு கேட்டாங்க. பேசின பொண்ணுக்கு நல்ல குரல். ஊரு எது, சாப்பிட்டாச்சான்னு விசாரிச்சேன். வச்சுட்டாள்.

சாயங்காலம் சன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்க் கடை வாசல்ல மாரிச்செல்வி நிக்கிறாள். கையில ஒரு பெரிய தண்ணி பாட்டில். தலையை அண்ணாந்து மடக் மடக்குன்னு குடிக்கிறாள். பாட்டில்ல பாதி ஒரே மூச்சுல காலி. குடிடி என் ராசாத்தி, நல்லாக் குடி. அதுக்காக எத்தனை தடவை வேணும்னாலும் அந்த மண்டபத்துல எழுந்து நிப்பேன்.

அவள் மேலே பார்க்கலை. கூட்ட நேரம். கீழே ஒரு ஸ்கூட்டர்காரர் சீட்டு எடுத்தார். "நன்றி, மீண்டும் வ..." என்றாள் பெட்டிக்குள்ள இருக்கிறவள்.

மார்ச் 11

உடம்பு தேவலை. காலையில மோட்டாரைப் போட்டுட்டுக் கண்ணயர்ந்துட்டேன். தொட்டி நிரம்பி வழிஞ்ச பிறகுதான் எழுந்து ஓடி நிறுத்தினேன். இப்பல்லாம் தொட்டியில தண்ணி குறையவே மாட்டேங்குது.

பதினோரு மணிக்கு நல்ல சேலையா ஒண்ணு கட்டிக்கிட்டு, கீழே இறங்கி, டிரான்ஸ்பார்மர் மூலைக்குப் போய் வரிசையில நின்னேன். எனக்கு முன்னால வளையல் கடைக்காரி, அவளுக்கு முன்னால மாரிச்செல்வி. பின்னால பேச்சித்தாய் கூடையோட வந்து நின்னாள்.

"ஏ யாத்தே! என்னக்கா நீங்க இங்கே?" மாரிச்செல்விக்குக் கண்ணு விரிஞ்சுது.

"வீட்டுல ரிப்பேர். குழாய்ல தண்ணி வரலை" என்றேன்.

"முகம் என்னக்கா இப்படி வாடிக் கெடக்கு? காய்ச்சலா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இனிமேலாவது உங்களைத் தொந்தரவு செய்யாண்டாம், பாவம் நிம்மதியா இருக்கட்டும்னு நாங்க எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு இருக்கோம்." நெத்தியில கையை வச்சுப் பார்த்தாள். வளையல் கடைக்காரி என் கையைப் பிடிச்சுக்கிட்டாள். "உங்க மோர் இல்லாம நாக்கே செத்துப் போச்சு எக்கா."

பேச்சித்தாய் பக்கம் திரும்பினேன். அப்போதான் பார்த்தேன், அவள் தலையும் தோளும் நனைஞ்சு கிடக்கு. கூடையிலயும் தண்ணி சொட்டுது. காலையில என் தொட்டி வழிஞ்சது நேரா அவள் மேலதான் விழுந்திருக்கு. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

முந்தானையால ஈரத்தைத் துடைச்சுக்கிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ரிப்பேருக்கு அவசரப்பட்டு ஆளைக் கூப்பிட்டுராதீய எக்கா. நாளைக்கும் இந்நேரத்துக்குத்தான் நாங்க வருவோம்."

வரிசை மெல்ல நகர்ந்துது. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. பின்னால வந்த ரெண்டு பேரை முன்னால போகச் சொன்னேன்.

பால்காரருக்குச் சொல்லியாச்சு, நாளையிலிருந்து மறுபடியும் ஒரு லிட்டர். மோரை ஊத்திக் கொண்டு போக மூடி போட்ட தூக்குவாளி பரண்ல எங்கேயோ கிடக்கு, தேடணும். குழாய் இன்னும் சரியாகலை. பிளம்பர் கிடைக்க நாளாகும்போல.